பொன்னுக்கு வீங்காத கழுத்து

கண்ணாடி முன்னால் தலை வாரும்போதுதான் அது முதலில் கையில் தட்டுப்பட்டது. இடது காதுக்குக் கீழே, கழுத்தோரமாக, புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் அது. மலாக்காவில் எங்கள் காஜா பெராங் வட்டாரக் கடைகளில் புதுக் கொடி தொங்கிக்கொண்டிருந்தது. என் மகள் செல்வி இன்னும் தவழத் தொடங்கவில்லை.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் தொட்டுப் பார்த்து, "பொன்னுக்கு வீங்கிதான்," என்று முடித்துவிட்டார். அந்த நோய்க்குக் கழுத்தில் பொன் போட்டால் வீக்கம் வடியும் என்பது எங்கள் சனங்களின் நம்பிக்கை. கல்யாணத்தன்றுகூட எனக்குத் தராத இரட்டைவடச் சங்கிலியை அவரே கழற்றிப் போட்டார்.

பக்கத்து வீட்டு முத்தம்மா சும்மா இருப்பாளா? "ஏன்க்கா, மருமகளுக்கு நகை போட வீக்கமே வரணுமா?" என்றாள்.

"உனக்கும் வீங்கினா வா, வாயோட சேர்த்துக் கட்டி விடறேன்," என்றார் அத்தை.

சிரித்தோம். ஆனால் பொன்னுக்கு வீங்கி என்றால் ஒரு வாரம், பத்து நாளில் வடிந்துவிட வேண்டும். என்னுடையது வடியவில்லை. பக்கத்திலேயே இன்னொன்று முளைத்தது. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்றிருக்கும்.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தவர் யாழ்ப்பாணத்து டாக்டர். "சங்கிலி வடிவாத்தான் இருக்கு, அம்மா. ஆனா இது அதுக்குக் கேக்கிற வருத்தம் இல்லை," என்றார். நோயை அவர் ஊரில் வருத்தம் என்பார்கள். பல்லைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், தண்ணீர் விழுங்கச் சொன்னார். விழுங்கும்போது கட்டி கூடவே ஏறி இறங்கினால் கழலையாக (கழுத்துச் சுரப்பி பெருத்துப்போவது) இருக்கலாமாம். சொத்தைப் பல்லின் சீழாலும் வரும், காசத்தாலும் வரும். புற்றாகவும் இருக்கலாம், கொஞ்சம் வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்.

"காசமெண்டா ஒட்டும், முடிவு வரும்வரை பிள்ளையைக் கிட்ட வைச்சிருக்காதேங்கோ. பாலும் குடுக்க வேண்டாம்."

புற்று என்ற சொல்லுக்கு நான் அசையவில்லை. இதைக் கேட்டுத்தான், "எத்தனை நாளைக்கு?" என்று இரண்டு தடவை கேட்டேன்.

அத்தை டின் பால் கரைத்துச் செல்விக்குக் கொடுத்தார். நான் அறை வாசலில் நின்று பார்ப்பேன். அவள் கையை நீட்டுவாள். புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். யார் முன்னாலும் நான் அழுததில்லை.

முடிவு வந்தது. காசம்தான், ஆனால் நெஞ்சில் இல்லை, கழுத்தின் நிணநீர்க் கணுவில் (கிருமியைத் தடுத்துப் பிடிக்கும் சின்ன முடிச்சு). நம் பெரியவர்கள் கண்டமாலை என்பார்களே, அது.

"நெஞ்சுப் படம் சுத்தம். சளியிலயும் கிருமி இல்லை. உங்களால பிள்ளைக்கு ஒட்டாது. தூக்குங்கோ."

"இப்பவேயா?"

"வீட்டுக்குப் போய்த் தூக்குங்கோ, அம்மா. இங்க நான்தான் நிக்கிறன்."

பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் நடந்தே வந்துவிட்டேன்.

ஊசியும் மாத்திரையும் மாதக்கணக்கில் போயின. ஊசி போட்ட வலியில் உட்கார முடியாது, சில நாள் அந்த மருந்தாலேயே காது இரையும். இரைந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். கொஞ்சம் தேறியதுமே விட்டுவிடத்தான் தோன்றும். உங்கள் கழுத்தில் இப்படித் தட்டுப்பட்டால் பொன் போடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கட்டி வற்றிய பிறகு ஒரு நாள் சங்கிலியைக் கழற்றி நீட்டினேன். அத்தை என் கழுத்தைத் தடவிப் பார்த்தார். வெட்டி எடுத்த இடத்துத் தழும்பைத் தவிர ஒன்றும் இல்லை.

"இன்னும் கொஞ்சம் வீக்கம் இருக்கு. போட்டுக்கோ," என்று சொல்லி, செல்வியை என் தோளில் சாய்த்துவிட்டுப் போனார்.

இத்தனை வருஷமாகியும், விடிந்ததும் என் விரல் முதலில் அந்தத் தழும்புக்குத்தான் போகிறது. வழவழவென்றிருக்கும். சரி, இன்றைய நாளும் எனக்குத்தான் என்று எழுந்துகொள்வேன்.