திரும்பித் திரும்பி வந்த பன்னிரண்டு இஞ்சு

ஸ்பீக்கர் விக்கிறவனுக்குக் காது இருந்தா மட்டும் போதாது, பொறுமையும் வேணும். இதே தொழில்ல மாட்டிக்கிட்ட அண்ணாச்சிமாருக்கு இது தெரியாததா?

ராஜபாளையத்துல சின்னக் கடை எனக்கு. "நம்மூரு வீட்டுக்கு எட்டு இஞ்சு சப்வூஃபரே ஜாஸ்தி"ன்னு என் வீட்டுக்காரி பாத்திமா சொன்னா. கேட்டேனா? அடிச்சா தரையே அதிர்ற பன்னிரண்டு இஞ்சுல ஒண்ணு எடுத்துட்டு வந்தேன். அவ பெட்டியைப் பாத்தா, என்னையப் பாத்தா. "இது விக்கலேன்னா, இனிமே கடைக்குச் சரக்கு எடுக்கிறது நான்தான்!"

பீரோ மேல

ஸ்ரீவில்லிபுத்தூர் அக்கா ஒருத்தவங்க, காலையில சாமி பாட்டு கேக்கன்னு வாங்கிட்டுப் போனாங்க. மூணாம் நாள் போன். ஓடிப்போய்ப் பாத்தா, பெட்டி பீரோ உச்சியில உக்காந்திருக்கு. அது அதிர்ற அதிர்வுல மேல இருந்த எவர்சில்வர் குடம் உருண்டு, கீழ இருந்த டிவி மேல விழுந்து, டிவி காலி.

"சப்வூஃபரைத் தரையிலதான் வைக்கணும்க்கா"ன்னேன். வந்ததே கோபம்.

"சாமி பாட்டுப் படிக்கிற பெட்டியக் கால் படுற எடத்துலயா வைப்பாக? நல்லாருக்கு பாய் உங்க நியாயம்!"

ராணுவ வீட்டு நாய்

அக்கா திருப்பிக் குடுத்த பெட்டியை அடுத்து வாங்கினவர் சுந்தரபாண்டியத்து மிலிட்டரிக்காரர், ரிட்டயர்டு. "எம்புட்டு சத்தம் வந்தாலும் அசர மாட்டேன்"னு மீசையைத் தடவிட்டுத்தான் தூக்கிட்டுப் போனார். அவர் அசரலை. அவர் வளர்க்கிற ராஜபாளையம் நாய்தான் முதல் பாட்டுக்கே கட்டிலுக்கடியில போயிருச்சு. ரெண்டு நாளா வெளிய வரலையாம்.

பெட்டியைக் கடைக்கே திருப்பிக் கொண்டாந்து வச்சவர் முகத்தைப் பாக்க எனக்கே சங்கடமாப் போச்சு.

"பாட்டு இல்லாம இருந்துக்கிடுவேன் பாய், அவன் திங்காம எனக்குச் சோறு எறங்கல."

தறிக்காரர் கை

ரெண்டு தரம் திரும்பி வந்த பெட்டியைப் பாத்திமா தினமும் துடைப்பா. அந்தத் துடைப்புதான் எனக்குப் பயம்.

அப்பத்தான் செட்டியார்பட்டியில இருந்து ஒரு தறிக்காரரும் அவர் சம்சாரமும் வந்தாங்க. முப்பது வருசமா விசைத்தறிச் சத்தத்துல நின்னு அவருக்குக் காது மந்தம். எட்டு இஞ்சைப் போட்டேன். "ஓடுதா?"ன்னார். பன்னிரண்டைப் போட்டேன். குனிஞ்சு பெட்டி மேல உள்ளங்கையை வச்சார். செத்த நேரத்துல விரல் தாளம் போடுது, தலை ஆடுது, முகமெல்லாம் சிரிப்பு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"பக்கத்து வீட்டுல சண்டைக்கு வருவாகளே"ன்னு உண்மையைச் சொன்னேன். "எங்க தெரு பூராத் தறி ஓடுது, யாருக்குக் கேக்கப் போகுது?"ன்ன அந்தம்மா, புருசனையே முறைச்சுப் பாத்தாங்க.

"நான் கத்துனா ஒரு நாளும் திரும்பாத மனுசன், இதுக்குத் தலையாட்டுறாரே! கட்டுங்க பாய், வீட்டுல வச்சுப் பேசிக்கிடுதேன்."

ஆக, கடைக்குச் சரக்கு எடுக்கிற அதிகாரம் இன்னைக்கும் என் கையிலதான் இருக்கு. அன்னையில இருந்து நான் எடுக்கிறதெல்லாம் எட்டு இஞ்சுதான்.