எட்டு நொடி

காலை ஆறு நாற்பது. செஞ்சி பேருந்து நிலையத்தில் நான் முதலில் பார்த்தது, ஒரு மனிதர் தன் சைக்கிளை மடிப்பதை. சட்டம் மடியும் இடத்துக் கீலை வாயால் ஊதினார், தோள் துண்டால் துடைத்தார், மடித்தார். இரண்டு சக்கரங்களும் ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டன. எட்டு நொடி.

ஊர் ஊராகப் போய் மாட்டுக்கு ஊசி போடுபவர் அவர். கட்டம் போட்ட சட்டை, காதோரம் நரை. சைக்கிளும் பழையது. பிரேக் பிடி மொபெட்டில் கழற்றியது. சக்கரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் காந்தம் ஏதோ ஸ்பீக்கரில் இருந்ததாம்.

என் மடிப்பு சைக்கிள் புதியது. அதற்கு அகலமான டயர்களை ஆன்லைனில் வரவழைத்து மாட்டியிருந்தேன். அதன் பிறகு மடித்தால் டயரோடு டயர் முட்டியது; காந்தங்கள் ஒட்டாமல் விரலளவு விலகி நின்றன. அன்று வல்லம் பேருந்தில் ஏற்றும்போது அது தானாக விரிந்து ஓர் அம்மாவின் கூடையில் இடித்தது.

“இன்னாய்யா இது, வாயப் பொளக்குது? எறக்கு கீழ,” என்றார் நடத்துநர்.

ஊசிக்காரர் எட்டிப் பார்த்தார். “டயர மாத்திட்டீங்களா சார்?”

“ஓட்ட சொகுசா இருக்கும்னு...”

“ஓட்றதுக்குன்னா பெரிய சைக்கிளே வாங்கியிருக்கலாமே. இத மடிக்கத்தான சார் வாங்கனீங்க?”

பேருந்தே சிரித்தது. அவர் பையிலிருந்து ஒரு டியூப் துண்டை எடுத்து என் சைக்கிளைக் கட்டிவிட்டார். நன்றி சொன்னேன். வல்லம் வரும்வரை அவர் காலடியில் அடங்கிக் கிடந்த அவருடைய சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காந்தம் ஒருமுறையாவது விட்டுக்கொடுக்காதா என்றிருந்தது. விடவில்லை.

அன்று மாலையே பழைய டயர்களை மாட்டினேன். தினமும் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மடிக்கிறேன். நேற்று பன்னிரண்டு நொடி.