பதுளைக்குப் போன பொட்டிகள்

சங்கமித்ரா டீச்சர் தன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை என்பதுதான் கன்னியப்பனுக்கு வருஷக்கணக்காக இருக்கிற குறை. கெட்ட வார்த்தை டீச்சருக்கு வராது, சரி. "அறிவு கீதாய்யா உனுக்கு" என்றாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பொட்டிகளைக் கட்டினது இவன். கொழும்பு ஹார்பரில் அதிகாரி முன்னால் நின்று "நான்தான் கட்டினேன்" என்று சொன்னது அவர். இவன் கையால் செய்த தப்பை அவர் எப்படி எடுத்துக்கொள்ளலாம்?

டீச்சருக்கு வீடு எர்ணாவூர். திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்து ரிடையர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அசோக ராஜா மகள் பேரை அப்பா வைத்துவிட்டார், அதனால்தான் இலங்கைக்கு ஓடுகிறார் என்று தெருவில் கிண்டல் பண்ணுவார்கள். அங்கே சண்டை நின்றிருந்த சமயம் அது. பதுளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் இரண்டில் கணக்குக்கும் சயின்ஸுக்கும் ஆளே இல்லை என்று யாரோ சொல்லிக் கேட்டவர், வியாசர்பாடி, எண்ணூர் பக்கம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆறு பேரைச் சேர்த்தார். சம்பளம் கிடையாது. சோறும் தங்க இடமும் தோட்டத்து ஜனம் கொடுத்தது. 2003-லிருந்து ஜனவரி பிறந்தால் போவார்கள், மூன்று மாசம் பாடம் எடுத்துவிட்டு வருவார்கள்.

கன்னியப்பன் படித்தது மூணாவது. மெட்ராஸ் ஹார்பரில் சரக்குப் பொட்டி கட்டுகிறவன். மகள் மதியைப் பத்தாவது பாஸாக்கிவிட்டது டீச்சர்தான் என்பதால், புத்தகப் பொட்டி நம்ம வேலை என்று தானாகவே ஏற்றுக்கொண்டான்.

அவனுக்கு ஒரு தொழில்முறை உண்டு. டோல்கேட் சுவரில் போஸ்டர் மேல் போஸ்டராக ஒட்டி, மழைக்குப் பிறகு அட்டை மாதிரி தடியாகக் கழண்டு தொங்கும். அதை உரித்து வந்து காயவைத்து, பொட்டிக்குள் நாலு பக்கமும் தடுப்பாகக் கொடுப்பான். பத்துப் பன்னிரண்டு போஸ்டர், நடுவில் காய்ந்த பசை. கடல் ஈரம் இறங்காது. மேலே இருப்பது சினிமா போஸ்டரா, காதுகுத்து போஸ்டரா என்று மட்டும் பார்ப்பான். அடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பார்கள்? மூன்று வருஷம் ஒரு புத்தகம் நனையவில்லை.

2006 ஜனவரியில் அங்கே மறுபடியும் நிலைமை கெட ஆரம்பித்திருந்தது. கொழும்பு ஹார்பரில் எல்லாப் பொட்டியையும் பிரித்துப் பார்த்தார்கள். நடந்ததைத் திரும்பி வந்து சொன்னவன் சித்தார்த், அந்த ஆறு பேரில் ஒருவன். டீக்கடையில் இவன் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"மாமு, பொட்டிக்குள்ள இன்னா குட்த்த நீ?"

"போஸ்டரு. எப்பவும் குடுக்கறதுதான்."

"அந்தாளு நகத்தால ஒண்ணொண்ணா உரிச்சான் மாமு. சினிமா. அதுக்கு அடியில மஞ்சத்தண்ணி விழா. அதுக்கு அடியில ஈழத்துக்கு எவனோ கூட்டம் போட்ட போஸ்டரு. துப்பாக்கி படத்தோட."

மூன்று நாள் ஒரு அறையில் உட்காரவைத்து டீச்சரைக் கேள்வி கேட்டார்களாம். கட்டின ஆள் யார் என்பதுதான் கேள்வி. தான்தான் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். கடைசியில் அனுமதியை ரத்து பண்ணி, ஏழு பேரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தோட்டத்தை இந்த முறை கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

கன்னியப்பன் அன்றைக்கே எர்ணாவூர் போனான். திட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றுதான் போனான். டீச்சர் டீ கொடுத்தார். மதி தையல் கிளாஸ் போகிறாளா என்று கேட்டார். இவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் வேறு பேச்சு. அடுத்த வாரமும் போனான், அதுவே. பிறகு அவனுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. ஹார்பருக்குப் போனான், பொட்டி கட்டினான், வந்தான். போஸ்டர் கொடுப்பதை விட்டுவிட்டான், அவ்வளவுதான். வீட்டில் பெண்டாட்டி பச்சையம்மா ஏதாவது கேட்டால் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

டீச்சர் மறுபடியும் அனுமதி கேட்டு மூன்று முறை எழுதினார். முதல் இரண்டுக்கும் முடியாது என்று வந்தது. மூன்றாவதுக்குப் பதிலே இல்லை. அதற்குள் அவர் வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாசம் வைத்திருந்து வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள்.

2007 டிசம்பர் கடைசியில் ஒரு மத்தியானம் கன்னியப்பன் போயிருந்தான். கட்டிலில் பாதி ஆள்தான் இருந்தார். அனல் மின் நிலையத்துச் சாம்பல் ஜன்னல் கம்பியில் படிந்திருந்தது. துடைக்கலாமா என்று கேட்டான். தலையை ஆட்டினார், வேண்டாமாம். தலையணைக்குக் கீழே இருந்த ஒரு கடிதத்தை எடுத்துப் படிக்கச் சொன்னார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் எழுதினது. எழுத்துக் கூட்டிப் படித்தான். பள்ளி திறக்கிற அன்றைக்குப் பிள்ளைகள் பஸ் நிற்கிற வளைவுக்கு இறங்கிவந்து நிற்கிறார்களாம். போன ஜனவரியிலும் நின்றார்களாம். டீச்சர் வருவதாக எழுதியிருந்ததால் வருகிற ஜனவரியிலும் நிற்பார்கள், எந்த பஸ் என்று தெரிவித்தால் நல்லது என்று இருந்தது.

"வர்றேன்னு எழுதினீங்களா டீச்சர்?"

"ரெண்டு தடவை. அடுத்த வருஷம்னு."

கன்னியப்பன் கடிதத்தை மடித்தான். சரியாக மடியவில்லை, மறுபடி பிரித்து மடித்தான். இப்போதாவது அந்தப் பொட்டிப் பேச்சை எடுப்பார் என்று நினைத்தான். எடுக்கவில்லை. மேஜைமேல் இருந்த இன்லேண்ட் மாதிரி ஒரு தாளைக் காட்டினார். வெளிநாட்டுக்குப் போகிறது, ஸ்டாம்ப் ஏற்கெனவே அச்சடித்தது. விலாசத்தை நடுங்கின எழுத்தில் அவரே எழுதிவைத்திருந்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

"நீங்க எழுதுங்கண்ணே."

"நானா? மூணாவதுதான் படிச்சேன் டீச்சர் நானு. வேணும்னா மதியை இட்டுக்கினு வர்றேன்."

"மதி அழகா எழுதும். படிச்சா அவங்களுக்கு நம்பிக்கை வந்துடும். நான் எழுதினாலும் கை அடுத்த வருஷம்னுதான் போடுது. நீங்க எழுதுங்க. இனிமே யாரும் வரமாட்டாங்க, புள்ளைங்கள பஸ்ஸுக்கு அனுப்பாதீங்கன்னு. அவ்வளவுதான். இன்னிக்கே போட்டுடுங்க."