அடுப்பங்கரையில் விட்டுப்போன கூடை

வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்கத் தெரியாதவள் நான். கல்கத்தாவில், டாக்குரியாவில் வீடு வாங்கும்போது மட்டும் சும்மா இருப்பேனா? குழாய்களை எல்லாம் திறந்து பார்த்தேன், சுவரைத் தட்டிப் பார்த்தேன், கீழ்வீட்டுக்காரியிடம் துருவித் துருவி விசாரித்தேன். விற்றவர்கள் வயதான வங்காளித் தம்பதி. கணவருக்கு மாடி ஏற முடியவில்லை, மகன் வீட்டோடு போகிறார்கள் என்று தரகர் சொன்னார். அதையும் நான் முழுசாக நம்பவில்லை.

கார்த்திகையில் பதிவு முடிந்தது. ஜனவரி பாதிவரை இருந்துவிட்டுக் காலி செய்கிறோமே என்று அவர்கள் இழுத்தார்கள். நான் பிடி கொடுக்கவில்லை. என் மகளுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. இந்த முறைதான் ஏழாம் மாதம்வரை வந்திருந்தாள். வளைகாப்பு முடிந்து, தை பிறந்ததும் பிரசவத்துக்கு இங்கேதான் வருகிறாள். அதற்குள் பெயிண்ட் அடித்து வாடை போக வேண்டாமா? தரகரிடம் இதையெல்லாம் கொட்டி, கறாராகச் சொல்லிவிட்டேன். மார்கழி பிறந்த கொஞ்ச நாளில் சாவி கைக்கு வந்தது.

மார்கழியில் புது வீட்டில் பால் காய்ச்சுகிற வழக்கம் நமக்குக் கிடையாது. அதனால் என் கணவரின் துறைமுகக் குவார்ட்டர்ஸிலேயே இருந்துகொண்டு, பெயிண்டர்களை மேற்பார்வை பார்க்க மட்டும் போனேன். வீட்டை வழித்துத் துடைத்த மாதிரி காலி செய்திருந்தார்கள். அடுப்பங்கரை மூலைப் பலகையில் மட்டும் ஒரு சின்னப் பிரம்புக் கூடை இருந்தது.

மூடி முழுக்கச் செந்தூரம் அப்பியிருந்தது. குடை நுனியால் மூடியை நெம்பினேன். உள்ளே சிவப்புத் துணி, நெல், சோழிகள், ஒரு மரச்சீப்பு, கையளவுக் கண்ணாடி. இத்தனை வருஷம் கல்கத்தாவில் இருந்தும், வங்காளி வீடுகளில் என் பழக்கம் கூடத்து சோபாவோடு சரி. கொடுக்கிற சந்தேஷ் இனிப்பைத் தின்றுவிட்டு வந்துவிடுவேன். அவர்கள் அடுப்பங்கரையில் என்ன இருக்கும் என்று நான் எங்கே கண்டேன்? செய்வினை என்றுதான் நினைத்தேன். அடித்துப் பிடித்துக் காலி செய்ய வைத்தேனே, அந்தக் கோபத்தில் என் மகளுக்கு வைத்துவிட்டார்கள்.

"உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம். ஏதோ சாமி சாமானா இருக்கும்" என்றார் என் கணவர்.

"சாமி சாமானை யாராவது விட்டுட்டுப் போவாங்களா?"



விற்றவர்களின் மகனுக்குப் போன் செய்தேன். நான் பேசி முடிப்பதற்குள், "தூக்கிப் போட்டுடுங்க ஆன்ட்டி, ஒண்ணுமில்லை அது" என்றான். ஒன்றுமில்லாததற்கு ஏன் இத்தனை அவசரம்? என் கையாலேயே தொட வைக்கப் பார்க்கிறான் என்று தோன்றியது. லேக் மார்க்கெட்டில் காபித்தூள் வாங்கும்போது நம் ஊர்க் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் தராசை அப்படியே வைத்துவிட்டு, "கையால தொட்டுராதீங்கக்கா. வச்சவங்களே எடுக்கணும்" என்றார். மறுபடியும் தரகரைப் பிடித்தேன். அந்தப் பொம்பளையே வந்து எடுத்துக்கொண்டு போகட்டும், இல்லையென்றால் நடக்கிறதே வேறு என்று கத்தினேன்.

அந்தம்மாவே வந்தார். மாடிப்படியில் நின்று நின்று ஏறி, கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்து முதலில் கேட்டது இதைத்தான்: "உன் பொண்ணு எப்படி இருக்காம்மா? வாந்தியெல்லாம் நின்னுச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மகள் சமாச்சாரம் இவருக்கு எப்படித் தெரியும்? வாயை அடக்க முடியவில்லை. "மாஷிமா, என் பொண்ணுக்கு என்ன பண்ணி வச்சிருக்கீங்க? இந்தக் கூடை எதுக்கு?" என்று எனக்குத் தெரிந்த வங்காளியில் கேட்டுவிட்டேன். மாஷிமா என்றால் நம் பெரியம்மா மாதிரி; கோபத்திலும் அப்படித்தான் வாயில் வந்தது.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது லக்ஷ்மி, மா. என் மாமியார் கொடுத்தது. வியாழக்கிழமை தவறாம பூஜை பண்ணுவேன். பௌஷ் மாசத்துல லக்ஷ்மியை வீட்டை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. அதான் மாசம் முடியட்டும்னு கேட்டோம். ரெண்டு தடவை பறிகொடுத்த பொண்ணு, பிரசவத்துக்கு வராளாம்னு தரகர் சொன்னான். அதுக்கப்புறம் எப்படி இங்க உட்கார்ந்திருக்கிறது? நாங்க மனுஷங்க, எங்க வேணா போயிடலாம். இவளை எடுக்க முடியலை. உன்கிட்ட சொல்லச் சொல்லி மகன்கிட்ட சொன்னேன். அவனுக்கு இதெல்லாம் பேச வெட்கம்."

"பௌஷ் எப்ப முடியுது?"

"சங்கராந்தியோட."

அதாவது நம் மார்கழி. அதே மார்கழிக்காகக் குடிவராமல், பால் காய்ச்சத் தைக்குக் காத்திருந்தவள் நான். எனக்கு ஒரு மார்கழி இருக்கிற மாதிரி அவருக்கும் ஒன்று இருக்கும் என்று என் மண்டையில் ஏறவே இல்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"நீ பயப்படுறேன்னா எடுத்துட்டே போயிடறேன். பிள்ளைத்தாச்சி வர்ற வீடு" என்றார் மாஷிமா. சொல்லிவிட்டு முந்தானையை விரித்துக்கொண்டு பலகைப் பக்கம் போனார். கூடைமேல் கையை வைத்தார். அதைத் தூக்க மனம் வராமல் அப்படியே நின்றார். நான் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இருக்கட்டும் மாஷிமா. மாசம் முடியட்டும்."

அன்றைக்கும் என் புத்தி என்னை விடவில்லை. அவர் ரிக்‌ஷா ஏறிப் போனதும், கீழ்வீட்டுக்காரியிடம் பௌஷ் மாசம் பற்றி நைசாக விசாரித்தேன். அவள் தன் வீட்டு அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போய் அவளுடைய கூடையைக் காட்டினாள். அதன் பிறகுதான் பெயிண்டர்களிடம் அந்த மூலையை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொன்னேன்.

தை பிறந்து, பால் காய்ச்ச நாள் பார்த்து, மாஷிமாவையும் அன்றைக்கே வரச்சொன்னேன். அவர் மகன் கீழே காரிலேயே இருந்துகொண்டான். பால் பொங்கி வழிவதை அவரும் என் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். பிறகு அவர் கூடையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்தார். கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி நெல் எடுத்து அந்தப் பலகையில் வைத்தார்.

"இடம் வெறிச்சுனு இருக்கக் கூடாது. பொண்ணு இருக்கிற வீடு" என்றார்.

அந்த நெல்லை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி நான் யாருக்கும் போன் செய்யவில்லை.