தேயிலையின் உயிரைக் கொட்டிய பூஷ்தா

மெக்னெஸ் ஊர்க்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எனக்கும் உண்டு. உலகத்திலேயே நல்ல புதினா எங்கள் ஊர் மண்ணில்தான் விளைகிறது என்று நினைப்போம். நினைப்பதோடு விடாமல் பக்கத்து ஊரான ஃபெஸ் வரை போய் அங்கே உள்ளவர்களிடம் சொல்லிவிட்டும் வருவோம். இவ்வளவு வாய்க்கொழுப்புள்ள ஊரில் ஒருத்தருக்கு 'நாக்கு' என்று பட்டப்பெயர் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஸி பூஷ்தாவுக்கு, அதாவது பூஷ்தா ஐயாவுக்கு, கிடைத்தது.

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டீயை ஒரு மடக்கு குடித்து, கண்ணை மூடி, "இது போன வருஷச் சரக்கு. சீரக மூட்டைக்குப் பக்கத்துல அடுக்கி வெச்சிருக்கான்" என்பார். விசாரித்தால் அப்படித்தான் இருக்கும். கல்யாண வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளையை நாலு பேரிடம் காட்டுகிறார்களோ இல்லையோ, வாங்கப் போகிற தேயிலையை பூஷ்தாவிடம் காட்டாமல் இருக்க மாட்டார்கள். 

அந்தத் திறமையெல்லாம் மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. ஒருநாள் அடுப்பில் ரொட்டி கருகி, புகை மாடிப்படி வரைக்கும் போய், பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து கதவைத் தட்டினாள். பூஷ்தா அடுப்புக்குப் பக்கத்திலேயே முதுகைக் காட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. இனிப்பு, கசப்பு, உப்பு, புளிப்பு நாக்குக்குத் தெரிகிறது. ஒரு தேயிலையை இன்னொரு தேயிலையிலிருந்து பிரித்துக் காட்டுகிற வாசனை மட்டும் சுத்தமாகப் போய்விட்டது. கண்ணாடி முன்னால் நின்று, "இவ்வளவு பெரிய வீடு. உள்ளே குடித்தனம் இல்லை" என்று தன் மூக்கிடம் துக்கம் விசாரித்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. 'நாக்கு' என்ற பெயரைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது மனைவியை இழந்து, தனியாக அவித்த முட்டை உரித்துத் தின்கிற ஒரு பழைய டிக்கெட் பரிசோதகர். அந்த ஆளை பூஷ்தாவுக்கே அவ்வளவாகப் பிடிக்காது. ஆகவே கண்ணாலும் காதாலும் காலத்தை ஓட்டினார். நல்ல தேயிலை மிளகு மாதிரி இறுகச் சுருண்டிருக்கும், தட்டில் போட்டால் கணீரென்று விழும். மட்டமான சரக்கு உதிர்ந்து தூளாக இருக்கும். அதைக் கண்ணும் காதும் பார்த்துக்கொண்டன, மீதியை வாய் பார்த்துக்கொண்டது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். பூஷ்தா ஆலை உள்ள ஊரிலேயே இலுப்பைப்பூவை விற்றுக்கொண்டிருந்தார்.

சொல்லாமல் இருந்ததற்கு இன்னொரு காரணம் பதூல், மரியாதையாகச் சொன்னால் லல்லா பதூல். கணவர் போன பிறகு தேயிலைக் கடையைத் தனியாக நடத்துகிறவள். பூஷ்தா தினமும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அந்தக் கடைக்குப் போவார். அவள் ஒரு கிளாஸ் டீ தருவாள். அவர் அதைக் குடித்துவிட்டு அதைப் பற்றிப் பேசுவார். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டுவிட வேண்டும் என ஒரு வருஷமாக நினைப்பு. தேயிலைக்காரிக்கு மோப்பம் இல்லாத புருஷன் எதற்கு என்று, ஒவ்வொரு தடவையும் அந்த நினைப்பை டீயோடு விழுங்கிவிட்டு வருவார்.

ரமலானுக்குச் சரக்கு எடுக்கும் சமயம் வந்தது. "வெள்ளிக்கிழமை கூஸ்கூஸ் சாப்பிட வாங்க, ஸி பூஷ்தா," என்றாள் பதூல். "காஸாபிளாங்காவிலிருந்து மூணு மாதிரி வந்திருக்கு. நீங்க எதைச் சொல்றீங்களோ அதைத்தான் எடுக்கப் போறேன்."

கூப்பிட்டாளே என்று சந்தோஷம். தன் பேச்சை நம்பி இவள் கையைச் சுட்டுக்கொள்வாளே என்று பயம். போகாமல் இருக்கவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பதூல் வீட்டு முற்றத்தில் அவளுடைய அக்கா தாமூவும், கடைக்குப் பக்கத்தில் ஆலிவ் விற்கிற லர்பியும் இருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் கெண்டி, கிளாஸ்கள், சர்க்கரைக் கட்டி, புதினாக் கட்டு எல்லாம் வைத்த பெரிய தட்டைத் தூக்கி வந்து பதூல் பூஷ்தாவின் முன்னால் வைத்தாள். சபையில் யாரைப் பெரிதாக மதிக்கிறோமோ அவர் கையால்தான் டீ. பூஷ்தா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

முதல் மாதிரி தட்டில் கணீரென்று விழுந்தது. "நல்ல சரக்கு," என்றார். பதூலும் தலையாட்டினாள். பூஷ்தாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

இரண்டாவது, டப்பாவில் வந்த வாசனை டீ. இலைகளுக்கு நடுவே சிவப்பாக என்னவோ கிடந்தது. பூஷ்தா போட்டுக் குடித்து, வாய்க்குள் உருட்டி, "மாதுளம்பூ," என்றார்.

"அண்ணே, டப்பாவில ஸ்ட்ராபெரி படம் போட்டிருக்கு," என்றான் லர்பி.

"படத்துல இருக்கு, சரி. டீயில இருக்கா?"

லர்பி மறுபடி குடித்துப் பார்த்தான். "இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு," என்று பின்வாங்கினான். டிக்கெட் இல்லாதவனே இப்படி அதிகாரம் பண்ணினால் டிக்கெட் வைத்திருக்கிறவன் என்னதான் செய்வான் என்று பூஷ்தாவுக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது.

மூன்றாவதுதான் முக்கியமானது, விலை கூடிய தேயிலை. பூஷ்தா இலையைக் கெண்டியில் போட்டு, கொஞ்சம் கொதிநீர் விட்டு, அசக்காமல் ஒரு கிளாஸில் வடித்தார். இதை நாங்கள் தேயிலையின் உயிர் என்போம், வாசனையெல்லாம் அதில்தான். அதைப் பத்திரமாக ஓரத்தில் வைத்தார். மறுபடி தண்ணீர் விட்டு, சுழற்றி அலசி, இன்னொரு கிளாஸில் வடித்தார். அது தூசியும் கசடும். அதைக் கொட்டிவிட்டு, உயிரைத் திரும்பக் கெண்டியில் ஊற்ற வேண்டும். எங்கள் ஊரில் ஏழு வயதுப் பெண்கூட இதைச் சரியாகச் செய்யும்.

அந்த நேரம் பார்த்துத் தாமூ கேட்டாள். "ஏன் தம்பி, பெஞ்சாதி போய் இத்தனை வருஷமாச்சே. இன்னொருத்தியைக் கட்டிக்கணும்னு தோணவே இல்லையா?"

பூஷ்தாவின் கண் தானாகப் பதூல் பக்கம் போனது. அவள் சர்க்கரையை உடைப்பதை நிறுத்திவிட்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் தன் வேலையைச் செய்தது. ஒரு கிளாஸைக் கழிவுக் கிண்ணத்தில் கொட்டியது, இன்னொன்றைக் கெண்டியில் ஊற்றியது. உயிர் கிண்ணத்துக்கும் கசடு கெண்டிக்கும் போயிற்று.

"யோசிக்கணும்," என்று முனகிவிட்டு, சர்க்கரையும் புதினாவும் போட்டு, கொதிக்க வைத்து, கையை உயரத் தூக்கி நுரை வர ஊற்றினார். எல்லோருக்கும் முன்னால் தானே குடித்துவிட்டுத் தொடங்கினார்.

"இதுதான் தேயிலை. முதல்ல மலைக்காத்து. அப்புறம் மழை பேஞ்ச புல்லு. தொண்டைக்குள்ள போகும்போது லேசாத் தேன். லல்லா, கண்ணை மூடிக்கிட்டுப் பத்துப் பெட்டி எடுங்க."

ஒரு மடக்கு குடித்த லர்பியின் முகம் விளக்கெண்ணெய் குடித்தது போலிருந்தது. "அண்ணே, இது பாத்திரம் கழுவின..." என்று ஆரம்பித்தான்.

"லர்பி, புதினா தீந்துபோச்சு. ஓடிப்போய் ஒரு கட்டு வாங்கிட்டு வா," என்றாள் பதூல். கண் முன்னால் அரைக்கட்டு புதினா இருந்தது. லர்பி அதையும் பார்த்தான், அவளையும் பார்த்தான், செருப்பை மாட்டிக்கொண்டு போனான். தாமூ தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கினாளா என்பது அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

பதூல் கழிவுக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். உள்ளே தெளிவாக, தேன் நிறத்தில் தேயிலையின் உயிர் கிடந்தது. பூஷ்தாவுக்குக் காது மடல் சூடேறியது.

"கை தவறுறது எல்லாருக்கும் உண்டு," என்றாள் பதூல் மெதுவாக. "குடிச்சும் தெரியலையே, ஸி பூஷ்தா. எத்தனை நாளா இப்படி?"

சமாளிக்க இரண்டு மூன்று பொய்கள் நாக்கு நுனிக்கு வந்தன. நல்ல பொய்கள்தான். இவளிடம் சொல்ல மனசு வரவில்லை.

"மூணு குளிர்காலமா," என்றார். "இந்த மூக்கு இப்போ மூக்குக்கண்ணாடி மாட்ட மட்டும்தான் ஆகுது. உங்ககிட்ட வேற ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன். அதை இனிமே கேட்டா எனக்கே சிரிப்பு வரும். வேற யாரையாவது வெச்சு மாதிரி பாருங்க, லல்லா. என்னை நம்பிப் பணத்தைப் போட்டுடாதீங்க." எழுந்திருக்கக் கையை ஊன்றினார்.

"உட்காருங்க. என் மூக்குக்கு என்ன குறைச்சல்? நாலு வருஷமா கடையை யாரு மூக்கு நடத்துதுன்னு நினைச்சீங்க?"

"அப்போ என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

பதூல் தன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "எனக்கு நல்லது கெட்டது தெரியும். அதைச் சொல்லத்தான் தெரியாது. நீங்க கடையில உட்கார்ந்து பேசுறதை மனசுல வெச்சுக்கிட்டு, மறுநாள் வர்றவங்ககிட்ட அப்படியே சொல்லி விக்கிறேன். மலைக்காத்து, ஈரப் புல்லு எல்லாத்தையும்."

"அதெல்லாம் பொய்யாச்சே."

"தெரியும். தேயிலையில ஏது தேனு? நீங்க தேன்னு சொல்றப்பல்லாம் சிரிப்பை அடக்கிக்கிட்டுத்தான் நிப்பேன். ஆனா அஸர் ஆயி நீங்க வரலைன்னா அன்னைக்கு எனக்கு டீயே இறங்காது."

ஊரே மெச்சிய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

பதூல் முழங்காலிட்டு முன்னால் நகர்ந்து, தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். கெண்டியைக் கவிழ்த்துக் கசட்டைக் கொட்டிவிட்டு, புதிதாக இலை போட்டாள்.

"லல்லா," என்றார் பூஷ்தா. "விருந்தாளி முன்னாடி வெச்ச தட்டைப் பாதியில இழுக்கிறது மரியாதை இல்லையே."

அவள் நிமிர்ந்து பார்க்காமலே கொதிநீரை ஊற்றினாள்.

"இங்க யாரு விருந்தாளி?"