இரண்டு கட்டையில் ஒரு ராணி

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் தரம் பிரிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாட்டுக்குழுவில் தாழ்ந்த குரல்காரர்களோடு நின்று பாடுவேன். அதைக் கேட்டிருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு தாம் போடும் சங்கீத நாடகத்துக்கு என்னை அழைத்தார். மந்திரி வேஷம், நாலு வரி வசனம் என்றுதான் போனேன்.

ஒத்திகையின் மூன்றாவது வாரம், ராணியாக நடிக்க இருந்த தபால் குமாஸ்தாவுக்கு வெளியூர் மாற்றலாகிவிட்டது. மிச்சம் இருந்தவர்களில் மீசை இல்லாதவன் நான் ஒருவன்தான். வேறு தகுதி எதையும் யாரும் பார்க்கவில்லை.

வீட்டில் சொல்லத் தயங்கினேன். என் மனைவி சிரிக்காமல் கேட்டுவிட்டு, தன் கல்யாணப் புடவையை எடுத்துக் கொசுவம் வைக்கக் கற்றுக்கொடுத்தாள்.

சிக்கல் குரலில் இருந்தது. ராஜாவாக நடித்த ஜவுளிக்கடைக்காரர் ஐந்து கட்டை சுருதியில் உச்சத்தில் பாடுவார்; கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்பார். மூன்றைத் தாண்டினால் என் தொண்டை அடைத்துவிடும். எனக்கு மட்டும் சுருதியை இறக்கலாமே என்று ஆர்மோனியம் வாசித்த பாய் சொல்லிப் பார்த்தார். ராஜா ஒத்துக்கொள்ளவில்லை.

நாடகம் ஒரு சனிக்கிழமை மாலை. முதல் பாட்டின் மேல் வரியிலேயே என் குரல் உடைந்தது. கொட்டகை முழுக்கச் சிரிப்பு. பாய் வாசிப்பதை நிறுத்திவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“பேஜார் ஆவாத தோஸ்த். உன் குரல் எங்க நிக்குதோ, அங்க நான் வர்றேன்.”

இரண்டு கட்டைக்கு இறக்கி மறுபடி ஆரம்பித்தார். என் சொந்தக் குரலில் பாடினேன். சிரிப்பு உடனே நிற்கவில்லை. பின்னால் இருந்தவர்களுக்குப் பாட்டு கேட்கவில்லை. அவர்களே முன்வரிசைக்காரர்களைச் சும்மா இருக்கச் சொல்லி அதட்டினார்கள். சரணத்துக்கு வருவதற்குள் கொட்டகை அடங்கிவிட்டது.

ராஜா அன்று என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டுக்கு நடக்கையில், நாடகம் பார்க்க வந்திருந்த மனைவி, “பாட்டு நல்லா இருந்திச்சி. நடதான் ஆம்பள நட” என்றாள். அந்த வாரம் முழுதும் கொல்லைப்பக்கத்தில் அவளே எனக்கு நடந்து காட்டினாள்.

அடுத்த இரண்டு நாடகங்களிலும் ராணி நான்தான். இரண்டாவதில் ராஜாவும் நான்கு கட்டைக்கு இறங்கியிருந்தார். ஜலதோஷம் என்று அவராகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.