ரோஸ்விதாவுக்குக் கிடைத்த ஒரே கல்

ரோஸ்விதாவுக்கு அதிர்ஷ்டத்தில் நம்பிக்கை கிடையாது. துரதிர்ஷ்டத்தை மட்டும் மனதார நம்புவாள். உசேடோம் தீவின் ஓய்வில்லம் ஒன்றில் முப்பத்தெட்டு வருடம், பிறர் ஓய்வெடுத்த விரிப்புகளைத் துவைத்தாள். புயல் ஓய்ந்த மறுநாள் ஊரே கரையில் குனிந்து, கடல் ஒதுக்கிய அம்பர் கற்களை, ஆதிகால மரப்பிசின் இறுகிய அந்த மஞ்சள் கற்களை, பொறுக்கும். அவளுக்கு ஒன்றுகூட அகப்பட்டதில்லை. இன்னும் இரண்டு நாளில் மகளோடு இருக்க மலைநாட்டுக்குக் குடிபோகிறாள். அதற்குள் ஒரு கல் வேண்டும். இதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வுபெற்ற நான், மார்ச் மாதத்தில் காற்று அடங்கிய ஒரு காலை அவளை பஸ்ஸில் ஏற்றினேன். அன்று எல்லாமே வாய்த்தது. வெயில் அடித்தது, கரையில் எங்களுக்கு முன் யாருமில்லை. அவளோ பத்தடிக்கு ஒருமுறை நின்று, இன்னும் காலிசெய்யாத அலமாரிகளை நினைத்துப் புலம்பினாள். அப்படி நின்ற ஓரிடத்தில் பாசிக்குள் கையை விட்டாள். ஒரு கல் வந்தது. பாதாம் பருப்பளவு, தேன் நிறம்.

எங்கள் கரையில் பொறுக்கியதை உடுப்பின் பையில் போடக்கூடாது. உலகப்போர்க் காலக் குண்டுகளின் பாஸ்பரஸ் இன்னும் கடலடியில் கிடக்கிறது. பார்வைக்கு அம்பரேதான், காய்ந்தால் தானே தீப்பிடிக்கும். அதனால் தகர டப்பா கொண்டுபோவோம். இது எல்லோருக்கும் தெரியும். தன் கையிலிருப்பது மட்டும் அசல் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

"டப்பால போடுடி," என்றேன்.

"முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு வந்திருக்கு, அதைத் தகரத்துல அடைக்கணுமா? டீச்சர் புத்தி உன்னை விட்டுப் போகாது கெர்டா."

கோட்டின் உள்பையில் வைக்கப் பார்த்தாள். அதற்கு ஐந்து பொத்தான்களைக் கழற்ற வேண்டும். வெந்நீரில் தேய்ந்த அவள் விரல்கள் இரண்டாவதிலேயே களைத்துவிட்டன. "சரி, நீயே வச்சுத் தொலை," என்றாள். என் அறிவுரையால் ஆகாததை அவள் அலுப்பு முடித்துவைத்தது.

மணல்மேட்டுப் பெஞ்சில் டப்பாவை வைத்துவிட்டு, மீன் வைத்த ரொட்டியைத் தின்றோம். பாதியில், மூடியோரம் வெள்ளைப் புகை கசிந்தது. எட்ட ஓடினோம், ஓட்டம் என்று அதைச் சொல்லலாமானால். தீயணைப்பு நிலையத்துக்கு நான் போன் செய்தபோது, அவள் கோட்டின் இடது மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கற்களில் ஒன்றைத் தருவதாகச் சொன்னேன்.

"வேண்டாம்டி. அது உனக்கு வந்தது, எனக்கு வந்தது இது. மக கேட்டா, ஒரு தடவை கிடைச்சுது, கொண்டுவர முடியலைன்னு சொல்லிக்கிறேன்."

வண்டி வரும்வரை இங்கேயே இருக்க வேண்டும் என்றேன். அன்று அவள் கேட்ட முதல் நல்ல வார்த்தை அதுதான் போலும். மணலில் சாய்ந்து, மீதி நான்கு பொத்தான்களைப் போட்டபடியே விட்டு, தூங்கிவிட்டாள்.